பதினோரு யூரோ

சாவியைக் கொடுத்த நகராட்சிக்காரி
பூட்டு எங்கே என்று சொல்லவில்லை.
வந்து பார்த்தால் கதவே இல்லை.

அயர்லாந்தில் காளான் கொட்டகையில்
ஏழு வருடம் குனிந்து குனிந்து
நானும் இல்மார்ஸும் சேர்த்த பணம்
லாட்வியாவின் கிழக்கு மூலையில்
ஆளுயரம் தாண்டிய லத்வானிஸ் செடியாய்
வெண்குடை பிடித்து நிற்கிறது.
அதன் பால் பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளம்.
அதனால் அந்தியில்தான் வெட்டினோம்.
ஜூனில் இங்கே அந்தி, இரவு பத்தரைக்கு.
மழைக்கோட்டு, முழங்கால் பூட்ஸ், வெல்டிங் கண்ணாடி.
கடைசிப் பேருந்தில் போனவர்கள்
எங்கோ அணு உலை வெடித்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

முன்பு இருந்தவர் பெயர் டெயோடோர்ஸ்.
எதையும் தூக்கிப் போடாதவர் என்றார் தபால்காரர்.
எல்லாவற்றையும் இங்கேயே போட்டவர் என்பேன் நான்.
லாயத்தில் குதிரையின் கழுத்தளவு பாட்டில்கள்.
மூன்று டிவி, ஒன்றுக்குள் எலிக் குடித்தனம்.
கூட்டுப்பண்ணைக் கணக்கேட்டில்
பக்கம் பக்கமாய்
எழுபத்து நான்காம் வருடத்துப் பால்.
டயர்களை எண்ணும் வேலை குஸ்தவ்ஸுக்கு.
தொண்ணூறுக்கு மேல் அவனுக்கு எண் தெரியாது,
திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினான்.

டார்த்தாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை.
பதினொரு வயது. சிநேகிதிகள் எல்லோரும் கடலுக்கு அப்பால்.
பிடித்தது குளம் ஒன்றுதான்.
வயிறு சிவந்த தேரைகள் அங்கே
காலிப் புட்டியில் ஊதுவதுபோல் கத்தும்.
ஒவ்வொன்றுக்கும் பழைய டீச்சர்களின் பெயர் வைத்திருந்தாள்.

ஓடை வாயில் கவிழ்ந்து கிடந்தது
பழைய சோவியத் குளிர்பெட்டி, பாதி சேற்றில்.
பக்கத்துப் பண்ணை டிராக்டர், இரவல் சங்கிலி.
பல் பிடுங்கினாற்போல் வந்தது.
இரும்புக் கடைக்காரன் எடை போட்டு
பதினோரு யூரோ எண்ணிக் கொடுத்தான்.
இல்மார்ஸ் அன்று விசிலடித்தபடியே படுத்தான்.

சுத்தம் சோறு போடும்.
விடிந்ததும் போட்டது, நாரைகளுக்கு.
குளம் இருந்த இடத்தில் கறுத்த சேறு.
அதில் துள்ளும் கரூசா மீன்கள்,
ஒரு சறுக்குவண்டி,
இன்னும் நான்கு டயர்.
ஒன்பது நாரைகள், அவசரமே இல்லாமல்.

அந்தக் குப்பைதான் அணை.
இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை, ஓடினான்,
வாளிகளோடு நாங்கள் எல்லோரும் ஓடினோம்.
கீழே ஆற்றில் விட்ட மீன்களில்
பாதி வெள்ளை வயிறு காட்டின.

இரும்புக் கடைக்கு போன் போட்டான்.
நசுக்கியாகிவிட்டது என்றார்கள்.

மூன்று நாள் டார்த்தா
தம்பியோடு மட்டும் பேசினாள்,
நாங்கள் விட்டுவந்த ஊரின் இங்கிலீஷில்.
ஜன்னல் விளிம்பில் அந்தப் பத்தும் ஒன்றும்
யாரும் தொடாமல் கிடந்தன.
இதற்கு எத்தனை மீன் வரும் என்றான் குஸ்தவ்ஸ்.
அவன் வாயில் ரொட்டியைத் திணித்தேன்.

வயலில் உழும்போது முளைக்கும் பாறாங்கற்களை
ஒவ்வொன்றாய் உருட்டி
ஓடை வாயில் அடுக்கினான் இல்மார்ஸ்.
தண்ணீர் இடுக்கு இடுக்காய்ப் புகுந்து போனது.
மறுபடி அடுக்கினான்.
இடுப்பளவு நீரில் நின்று
மறுபடி.

மூன்றாம் நாள் அந்தியில்
பூட்ஸ் மாட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள்.
ஒரு வாளி. அதில் கரண்டி, சமையலறையுடையது.
“கல்லு மட்டும் நிக்காது. களிமண் வேணும்.
குப்பை புதைக்கக் குழி தோண்டினீங்களே,
அங்க இருக்கு, மஞ்சளா.”

அவன் கையை நீட்டினான்.
வாளியைக் கொடுக்கவில்லை அவள்.
தானே இறங்கினாள்.

இருட்டும் வரை பூசினார்கள்.
நான் லாயத்துப் பாட்டில்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன்,
ஓடையின் சத்தம் ஒரு கணம் மாறியதுபோல் இருந்தது.
மாறியதா, தெரியவில்லை.
கடைசிச் சாக்கை மட்டும்
வண்டியில் ஏற்றாமல் வைத்திருக்கிறேன்.
அது எதைத் தாங்கி நிற்கிறதென்று
இன்னும் பார்க்கவில்லை.